டீமுக்குள் நம்பிக்கை வர டூர் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வார்ப்புக்காரன், கோவை | ஆகஸ்ட் 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பம்புக்கான கேசிங், இம்பெல்லர் வார்ப்பதுதான் எங்கள் வேலை. என் ஷிஃப்டில் 34 பேர். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பிகள். மற்றவர்கள் நம்மூர் ஆட்கள், பெரும்பாலும் 45 வயதைத் தாண்டியவர்கள். கோர், அதாவது வார்ப்புக்குள் வெற்றிடம் வர வைக்கும் மண் உரு, போடும் இடத்தில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் எல்லோரையும் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய் 'டீம் பில்டிங்' நடத்தப் போவதாக மேலே முடிவு செய்திருக்கிறார்கள். என்ன விளையாட்டு வைக்கலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

போன வருடமும் போனோம். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்வார், அதில் நம்பிக்கை வரும் என்றார்கள். மண் அச்சு போடும் 52 வயது மோல்டர் ஒருவர் கடைசி வரை சாயவே இல்லை. கோர் செக்‌ஷன் அக்காமார் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் கயிறு இழுக்கும் போட்டி. யார் பிரித்தார்கள் என்று தெரியவில்லை, நம்மூர் ஆட்கள் ஒரு பக்கம், வடநாட்டுத் தம்பிகள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. மூன்றாவது சுற்றில் ஒரு பக்கம் வேண்டுமென்றே கயிற்றை விட்டுவிட்டது. நாலைந்து பேர் மல்லாக்க விழுந்தார்கள், வாய்த்தகராறு ஆனது. திங்கட்கிழமை டீ நேரத்தில் இரண்டு கூட்டமும் தனித்தனியாக உட்கார்ந்தது. அதுவரைக்கும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஜூன் மாதம் நல்ல மழை. மேற்கூரையில் ஒரு ஷீட் ஒழுகி, மண் அச்சு இருக்கும் ஒரு மோல்டு பெட்டியில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. உருகிய மெட்டலை ஊற்றும் லேடில் எங்களுடையது இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது. 1,350 டிகிரி மெட்டல். ஈரமான மண்ணில் அது விழுந்தால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி மெட்டலைத் தூக்கி அடிக்கும். அப்படித்தான் அடித்தது. முன்னால் பிடித்தவருக்கு முழங்கைக்குக் கீழே காயம். பூட்ஸ் போட்டிருந்ததால் கால் தப்பியது.

பின்னால் பிடித்திருந்த ஒடிசா தம்பி ஈரத்தை முன்பே பார்த்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போன தடவை ஒன்று சொன்னேன், உன் வேலையைப் பார் என்று சத்தம் போட்டார்கள்" என்றான்.

ரிசார்ட்டில் ஒரு நாள் விளையாடினால் இது மாறுமா? உங்கள் இடத்தில் எது உதவியது என்று சொல்லுங்கள்.

மனநூல் வாத்தியார் | ஆகஸ்ட் 24, இரவு 11.15

கல்லூரியில் 26 வருடம் உளவியல் நடத்தியவன். கயிறு இழுக்கும் போட்டி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் ஒரு கோடை முகாம் நடத்தினார். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத 22 பையன்கள். 12 வயதை ஒட்டியவர்கள். இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள், ஒன்று 'ஈகிள்ஸ்', இன்னொன்று 'ராட்லர்ஸ்'. பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று வரிசையாகப் போட்டி வைத்தார்கள். சில நாட்களிலேயே ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கிற அளவுக்குப் பகை முற்றியது.

அப்புறம் சமாதானம் செய்ய என்னென்னவோ செய்தார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தார்கள், சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். பலன் இல்லை. சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். கடைசியில் முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோகும்படி செய்தார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்துதான் அடைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. பையன்கள் கயிறு கட்டி, எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். அது எந்தக் கயிறு தெரியுமா? போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது தேர்வடத்தைச் சொல்வேன். வடம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். போன வருடம் உங்கள் ஆட்களை எதிரெதிராக நிறுத்திவிட்டார்கள். ஆட்கள்மீது தப்பு இல்லை.

தியேட்டர் சிஸ்டர், மதுரை | ஆகஸ்ட் 25, காலை 6.05

நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

வார்ப்புக்காரன் அண்ணா, அந்தத் தம்பி வாயைத் திறக்காமல் நின்றது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆபரேஷன் தியேட்டரில் நான் சேர்ந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் நின்றோம். பெரிய டாக்டர் உள்ளே வந்தால் மூச்சு விடவே பயமாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்தது. மொத்தம் 19 கேள்விகள். மயக்க மருந்து கொடுக்கும் முன் கொஞ்சம், கத்தி வைக்கும் முன் கொஞ்சம், நோயாளியை வெளியே எடுக்கும் முன் கொஞ்சம். டெல்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பரிசோதித்து, 2009-ல் முடிவு வந்தது. இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8-ஆகக் குறைந்திருந்தது. அதில் ஒரு வரி உண்டு: கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. சர்ஜன் தன் பெயரைச் சொன்னார். மயக்க டாக்டர் சொன்னார். நான் சொன்னேன். கடைசியில் கதவோரம் நின்ற உதவியாளர் தம்பி. எட்டு வருடமாக அதே தியேட்டரில் வேலை பார்க்கிறவர். அன்றுதான் சர்ஜன் அவர் பெயரைக் கேட்டார். அதே பெயரில் எனக்கு ஒரு சித்தப்பா உண்டு என்று சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. ஏழெட்டு வாரம் கழித்து ஒரு எலும்பு கேஸில் அந்தத் தம்பிதான் "சார், எக்ஸ்ரேவைத் திருப்பி மாட்டியிருக்கு" என்று சொன்னார். பழைய நாளாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே செக்லிஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் வந்த ஆய்வில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்வது வேறு என்பதுதான் நான் பார்த்த வரைக்கும் காரணம். எங்கள் இடத்திலேயே அவசர நாட்களில் டிக் மட்டும் விழும். அன்றைக்குத் தியேட்டர் பழையபடி ஆகிவிடும்.

பவர் டேபிள் அக்கா, திருப்பூர் | ஆகஸ்ட் 25, மதியம் 1.20

டூர் பற்றிப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு வீட்டு நாள். துணி துவைக்க, ரேஷன் வாங்க, பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைக்க அந்த ஒரு நாள்தான். அதில் காலை ஆறு மணிக்கு வேன் ஏறு, இரவு பத்து மணிக்கு இறங்கு என்றால் எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் சண்டை. வராதவர்களுக்கு 'ஒத்துழைப்பு இல்லை' என்று பெயர். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் வராதவர்கள் பெயரைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். அதற்கு அப்புறம் எங்கே நம்பிக்கை வரும்?

இன்னொன்று. அங்கே எங்கள் லைனில் பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனக்கு அடுத்த மிஷினில் நூல் அறுந்து பண்டில் தேங்கினால், எழுந்துபோய் உதவினால் என் பீஸ் குறையும், என் கூலி குறையும். உதவ மனசு இருக்கும், கை போகாது. இப்போது இருக்கும் இடத்தில் லைன் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். யாராவது தேங்கினால் பக்கத்தில் இருப்பவர் தானாகத் திரும்புகிறார். புதுப் பிள்ளைக்கு ஊசி மாற்றச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இதற்கென்று யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

சூப்பர்வைசர் தம்பி, விளையாட்டு யோசிப்பதற்கு முன்னால் உங்கள் கூலிக் கணக்கையும் அபராதக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெட்டி ரிஜெக்ட் ஆனால் யார் தலையில் விழுகிறது?

வார்ப்புக்காரன், கோவை | ஆகஸ்ட் 25, இரவு 10.02

அக்கா, சரியான இடத்தில் கேட்டீர்கள். ரிஜெக்‌ஷன் ஆனால் அந்தப் பெட்டியைப் போட்ட மோல்டர் பெயரில்தான் எழுதுகிறோம். பெட்டி ஈரம் என்று ஒரு தம்பி சொன்னால், அது மோல்டர் மேல் புகார் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் சத்தம் போட்டிருக்கிறார். இத்தனை நாள் இது என் தலைக்கு எட்டவில்லை.

கல்லாப்பெட்டி | ஆகஸ்ட் 26, காலை 8.30

எல்லோரும் டூரை ஒரேயடியாக ஒதுக்குகிறீர்கள். நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன்.

வங்கியில் வேலை. எங்கள் கிளையில் கேஷ் அதிகாரிக்கும் எனக்கும் மூன்று வருடம் பேச்சே இல்லை. வவுச்சரைக் கூட பியூன் மூலமாகத்தான் கொடுத்துக்கொள்வோம். ஒருமுறை எல்லோரும் சேர்ந்து கொடைக்கானல் போனோம். திரும்பி வரும்போது மலைப்பாதையில் வேன் நின்றுவிட்டது, நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். குளிர். அவர் மகளுக்கு வாந்தி. என் மனைவி அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். அவர் என் பையனுக்குத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். அன்றோடு மூன்று வருட ஊமை நாடகம் முடிந்தது. குடும்பத்தைப் பார்த்த பிறகு ஒருவர் மேல் வைத்திருக்கும் கோபம் பாதியாகிவிடுகிறது. அதை ஆபீசுக்குள் எப்படிப் பார்க்க முடியும்?

மனநூல் வாத்தியார் | ஆகஸ்ட் 26, காலை 10.10

கல்லாப்பெட்டி ஐயா, நெகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்களைச் சேர்த்தது கொடைக்கானலா, நின்றுபோன வேனா? ஷெரீஃபின் லாரிதான் உங்கள் வேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷெரீஃபின் முகாம் மேல் கடுமையான விமர்சனங்கள் உண்டு. பகையை மூட்டிவிட்டதே நடத்தியவர்கள்தான் என்பார்கள். முந்தைய வருடம், 1953-ல், நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முகாமில் பையன்கள் எதிரிகளாக மறுத்துவிட்டார்கள். பெரியவர்கள் தங்களை வைத்து ஏதோ செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தும் விட்டார்கள். அந்த முகாமைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. எனக்கு அந்தத் தோல்விதான் பெரிய பாடமாகத் தெரிகிறது. தங்களை யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்கே தெரிந்துவிடுகிறது. 52 வயது மோல்டருக்குத் தெரியாதா?

ஹேங்கர் 2 | ஆகஸ்ட் 26, மாலை 4.45

விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிய விமானத்தில் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர், எதிரே இருக்கும் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை.

இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானத் துறையில் காக்பிட் ஆட்களுக்குச் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சி வந்தது. 1979-ல் நாசா ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் முழுப் பயிற்சியாகவே தொடங்கியது. பயிற்சியில் கேப்டனுக்கும் பாடம் உண்டு. சின்னவன் தயங்கிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பது அதில் முக்கியமான பாடம். உங்கள் ஆட்களில் பேசப் பழக வேண்டியவன் அந்த ஒடிசா தம்பி என்றால், கேட்கப் பழக வேண்டியவர் மோல்டர். அவரை விட்டுவிட்டுத் தம்பிக்கு மட்டும் தைரியம் சொல்லாதீர்கள்.

சிப்காட் வாசி, ஓசூர் | ஆகஸ்ட் 27, இரவு 8.20

வார்ப்புக்காரன் ஜி, உங்களுக்கு ரிசார்ட்டே தேவையில்லை. காலண்டரைப் பாருங்கள். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூசை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் தொழிற்சாலைக்காரர்களுக்கு அதுதான் பெரிய நாள், நமக்கு ஆயுத பூசை எப்படியோ அப்படி. பல இடங்களில் அவர்கள் தங்கும் ஷெட்டுக்குள்ளேயே யானை மேல் விஸ்வகர்மா படம் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்கு வந்துவிடுவார்கள். நமக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் மிஷின் ஷாப்பில் நாலு வருடம் முன்பு அதை ஷாப்புக்குள்ளேயே வைக்கச் சொன்னோம். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்காரர்கள், நாங்கள் விருந்தாளிகள். அடுத்து ஆயுத பூசைக்கு நாங்கள் வீட்டுக்காரர்கள். பேச்சாளர் வேண்டாம், விளையாட்டு வேண்டாம். மிஷினைச் சேர்ந்து கழுவுவதுதான் நிகழ்ச்சி. ஜோடி போடும்போது மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மிஷினில் சேரவிடாதீர்கள்.

பவர் டேபிள் அக்கா, திருப்பூர் | ஆகஸ்ட் 27, இரவு 9.05

நல்ல யோசனைதான். பூசை என்றால் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். எங்கள் லைனில் கழுவுவதும் சாப்பாடும் எல்லோருக்கும் பொது. கும்பிடுவது விருப்பப்பட்டவர்களுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுவோம். முக்கியமாக, வேலை நேரத்துக்குள் வையுங்கள், சம்பளத்தோடு.

கோட் எழுதுபவன், சென்னை | ஆகஸ்ட் 28, இரவு 12.30

ஐடி பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தகவல். கூகுள் 2012 வாக்கில் தன் குழுக்களை ஆராயத் தொடங்கியது, 180 குழுக்கள். யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதைவிட, தப்பாகப் பேசினாலும் தன்னை மட்டம் தட்ட மாட்டார்கள் என்ற உறுதி இருக்கிறதா என்பதுதான் பெரிய வித்தியாசமாக வந்தது. ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் 1999-லேயே இதை எழுதியிருக்கிறார்.

எங்கள் குழுவில் சர்வர் விழுந்தால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று எழுதுவோம். எழுதும்போது ஆள் பெயர் போட மாட்டோம். உங்கள் ரிஜெக்‌ஷன் நோட்டில் மோல்டர் பெயருக்குப் பதில் பெட்டி எண்ணை எழுதிப் பாருங்களேன்.

வார்ப்புக்காரன், கோவை | அக்டோபர் 5, இரவு 9.15

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ரிசார்ட்டை ரத்து செய்ய முடியவில்லை, டிசம்பருக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். விரும்பியவர் வரலாம் என்று மாற்ற வைத்தேன். ரிஜெக்‌ஷன் நோட்டில் ஆள் பெயர் எழுதுவதை மூன்று மாதத்துக்கு நிறுத்திப் பார்க்க மேனேஜர் ஒத்துக்கொண்டார். அதற்கு இரண்டு வாரம் பேச வேண்டியிருந்தது.

செப்டம்பர் 17 அன்று தம்பிகள் மோல்டிங் பக்கம் ஓரமாகப் படம் வைத்தார்கள். பூந்தியும் லட்டும் அவர்களே செய்தது. இரவெல்லாம் விழித்துச் செய்திருக்கிறார்கள். சாயாமல் நின்ற அந்த மோல்டர் அண்ணன் முதலில் தள்ளித்தான் நின்றார். ஜார்க்கண்ட் தம்பி ஒருவன் அவருடைய மட்டப்பலகையையும் கரண்டியையும் எடுத்துப்போய், கழுவி, பொட்டு வைத்து, படத்துக்கு முன்னால் தன் ஆயுதத்தோடு சேர்த்து வைத்தான். அந்தக் கரண்டி அவர் அப்பா காலத்தது, யாரையும் தொடவிட மாட்டார். பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து லட்டு வாங்கிக்கொண்டார்.

ஆயுத பூசைக்கு ஷாப் முழுக்க ஜோடி போட்டுக் கழுவினோம். லேடிலில் ஒட்டியிருந்த கசடைத் தட்டியெடுக்கும் வேலையை நானும் மேனேஜரும் எடுத்துக்கொண்டோம். அந்தச் சுத்தியலை அரை மணி நேரம் பிடித்தாலே தோள் விட்டுப்போகிறது. எங்கள் இரண்டு முஸ்லிம் தம்பிகளும் கழுவலில் முழுக்க நின்றார்கள், சுண்டலும் பொரியும் பங்கு வைத்ததும் அவர்கள்தான். கோர் செக்‌ஷன் அக்காமார் கேட்டது ஒன்றே ஒன்று, நாலரைக்கு முடித்துவிட வேண்டும் என்று. நாலரைக்கு முடித்தோம்.

தியேட்டர் சிஸ்டர் சொன்னதை வைத்து இன்னொன்று ஆரம்பித்தோம். ஷிஃப்ட் தொடங்கியதும் மெட்டல் இறக்கும் முன்னால் ஐந்து நிமிடம், ஒரு நம்மூர் ஆளும் ஒரு வடநாட்டுத் தம்பியும் சேர்ந்து எல்லாப் பெட்டியையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜோடி தினமும் மாறும். மூன்று வார்த்தை எல்லோரும் கற்றுக்கொண்டோம்: ஈரம், கீலா, ஓதா. தமிழ், இந்தி, ஒடியா. இதில் எதை யார் கத்தினாலும் லேடில் அங்கேயே நிற்க வேண்டும், அந்த நேரத்தில் ஏன் என்று கேட்கக் கூடாது.

போன சனிக்கிழமை ஒரு தம்பி "ஓதா!" என்று கத்தினான். அந்த ஒடிசா தம்பியே தான். லேடில் நின்றது. போய்த் தொட்டுப் பார்த்தால் பெட்டி காய்ந்துதான் இருந்தது. அச்சின் மேலே பூசிய பிளாக்கிங் என்ற கறுப்புப் பூச்சு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்திருக்கிறது. அதற்குள் மெட்டல் சூடு இறங்கிவிட்டது, பெட்டியில் ஊற்ற முடியாது. மிச்ச மெட்டலைக் கட்டியாக உறையவைக்கும் பிக் அச்சில் ஊற்றிவிட்டோம். ஒரு லேடில் மெட்டல் போச்சு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி முகம் வெளுத்துப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் மோல்டர் அண்ணன் பெட்டியருகே குந்தி உட்கார்ந்து, "எனக்கும் அங்கிருந்து பார்த்தா ஈரமாத்தான்டா தெரியுது, வா, தொட்டுப் பாரு" என்று அவன் கையைப் பிடித்து மண்ணில் வைத்தார். அப்புறம் அந்த விளக்கை இடம் மாற்றச் சொல்லி என்னிடம் வந்தார். திங்கட்கிழமை மாற்றிவிட்டோம்.

தியேட்டர் சிஸ்டர், மதுரை | அக்டோபர் 6, காலை 6.20

அண்ணா, கண் கலங்கிவிட்டது. ஜூன் மாதம் காயம் பட்டவருக்குக் கை எப்படி இருக்கிறது?

வார்ப்புக்காரன், கோவை | அக்டோபர் 6, இரவு 8.50

ஆறிவிட்டது சிஸ்டர், தழும்பு இருக்கிறது. இரண்டு வாரமாக மறுபடியும் லேடில் பிடிக்கிறார். பின்னால் யார் பிடிக்கட்டும் என்று கேட்டேன். அந்தத் தம்பியையே போடுங்கள் என்றார்.